அமேசான் ராஜாவுக்கு ஏழு குடம் தண்ணீர்

சாப்பாட்டுத் தட்டை நிமிர்த்தி நிறுத்தியது போல ஒரு மீன். உடம்பெங்கும் நீலமும் சிவப்பும் ஆரஞ்சுமாக வரிகள். நடுவே குங்குமப் பொட்டு வைத்தது போலச் சிவந்த கண். மற்ற மீன்களைப் போல அங்கும் இங்கும் ஓடாது. நின்று, திரும்பி, நிதானமாக நம்மையே பார்க்கும். கண்ணாடியருகே போனால் முகத்தை அடையாளம் கண்டு முன்னால் வந்து நிற்கும். வண்ண மீன் வளர்ப்பவர்கள் இதை 'ராஜா' என்கிறார்கள். பெயர் டிஸ்கஸ்.

சென்னை கொளத்தூர் பக்கம் வண்ண மீன் கடைகளில் டிஸ்கஸ் தொட்டியைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். பெரும்பாலும் அது வெறும் தொட்டியாகத்தான் இருக்கும். மணல் இல்லை, கல் இல்லை, செடி இல்லை. நாலு பக்கமும் கண்ணாடி, உள்ளே ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன்கள். அவ்வளவுதான். பக்கத்துத் தொட்டியிலோ பச்சைப்பசேல் என்று செடிகள் மண்டிக் கிடக்கும். வாங்க வருபவர் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார். முதல் கேள்வி, "என்ன விலை?" இரண்டாவது கேள்வி, "அண்ணே, இதை அந்தச் செடித் தொட்டியில விடலாமா?"

இந்த இரண்டாவது கேள்விக்கு உலகம் முழுக்க மீன் வளர்ப்பவர்கள் பல வருடங்களாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 'செடியா, டிஸ்கஸா, ஒன்றைத் தேர்ந்தெடு' என்று ஒரு கட்சி. 'இரண்டும் சேர்ந்தால்தான் அழகே' என்று இன்னொரு கட்சி. வேடிக்கையான சண்டைதான். ஆனால், இதில் தோற்பது வளர்ப்பவரின் பர்ஸும் மீனின் உயிரும். சின்னக் குஞ்சு சில நூறு ரூபாய் என்றால், நன்றாக வளர்ந்த ஒரு டிஸ்கஸ் சில ஆயிரங்களைத் தொடும். ஆசைப்பட்டு ஆறு மீன் வாங்கி, ஒவ்வொன்றாகக் கறுத்து மூலையில் ஒதுங்கிச் சாவதைப் பார்த்தவர்கள், அந்தத் தொட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டு இந்தப் பக்கமே திரும்புவதில்லை.

ஜிலேபிக்குச் சொந்தக்காரர்

ராஜா என்று சொன்னாலும், குடும்பம் நமக்கு ரொம்பவும் தெரிந்த குடும்பம்தான். டிஸ்கஸ், 'சிக்ளிட்' இனத்தைச் சேர்ந்தது. நம்மூர் ஏரி, குளங்களில் பிடித்து வறுத்துச் சாப்பிடும் ஜிலேபி மீனும் அதே இனம். கேரளத்தில் வாழையிலையில் பொதிந்து சுடும் கரிமீனும் அதே இனம். ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட சொந்தங்கள்.

டிஸ்கஸின் ஊர் தென்னமெரிக்காவின் அமேசான் படுகை. ஆஸ்திரியாவைச் சேர்ந்த யோஹான் நாட்டரர் என்பவர் பிரேசிலில் பல ஆண்டுகள் சுற்றி உயிரினங்களைச் சேகரித்து வியன்னாவுக்கு அனுப்பினார். அதில் வந்த ஒரு மீனை, யோஹான் யாகோப் ஹெக்கெல் என்ற மீனியல் அறிஞர் 1840-ல் ஆராய்ந்து 'சிம்ஃபைசோடான் டிஸ்கஸ்' என்று பெயர் சூட்டினார். இன்றும் ஹெக்கெல் டிஸ்கஸ் என்றே ஒரு வகை இருக்கிறது. எல்லா டிஸ்கஸுக்கும் உடம்பில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள் உண்டு. ஹெக்கெலுக்கு மட்டும் நடுப்பட்டை தடிமனாக, மை தீட்டியது போலத் தெரியும்.

அங்கே ரியோ நீக்ரோ என்று ஓர் ஆறு. 'கறுப்பு ஆறு' என்று பொருள். காட்டு இலைகளும் மரங்களும் ஊறி ஊறி, தண்ணீர் பால் கலக்காத டீ நிறத்தில் இருக்கும். உப்பும் சுண்ணாம்பும் ஏறக்குறைய இல்லாத, மழைத்தண்ணீர் மாதிரியான மென்மையான நீர். புளிப்புத் தன்மை அதிகம். மழைக்காலத்தில் மனாஸ் நகரத்தருகே இந்த ஆறு 10 மீட்டர் வரை உயரும். மூன்று மாடி உயரம்! ஆறு காட்டுக்குள் புகுந்துவிடும். அப்போது மீன்கள் மரக்கிளைகளுக்கு நடுவே நீந்தும். தண்ணீர் வடியும்போது டிஸ்கஸ் கூட்டங்கள் கரையோரம் விழுந்துகிடக்கும் மரங்களின் கிளைகளுக்குள் ஒளிந்துகொள்ளும். மீனவர்கள் இரவில் சின்னப் படகில் போய், டார்ச் அடித்து, கைவலையால் ஒவ்வொன்றாகப் பிடிப்பார்கள்.

அந்த ஆற்றங்கரையில் பார்சிலோஸ் என்று ஓர் ஊர். வண்ண மீன் பிடிப்பதுதான் அந்த ஊரின் அடையாளம். அங்கே வண்ண மீனுக்கென்றே ஒரு திருவிழா நடக்கிறது. ஊரே இரண்டு அணியாகப் பிரிந்து ஆட்டம், பாட்டம், அலங்கார ஊர்தி என்று போட்டி போடும். ஓர் அணிக்குப் பெயர் கார்டினல் டெட்ரா. இன்னோர் அணிக்குப் பெயர் டிஸ்கஸ். மதுரையில் ஜல்லிக்கட்டுக் காளைக்குக் கிடைக்கும் மரியாதை, அங்கே விரல் நீள மீனுக்குக் கிடைக்கிறது.

இவ்வளவையும் சொல்லக் காரணம் உண்டு. இணையத்தில் பார்க்கும் படங்களில் டிஸ்கஸ் பசும்புல் விரித்த தொட்டியில் மிதக்கிறது. சொந்த ஊரில் அது வாழ்வது அப்படி அல்ல. மங்கிய வெளிச்சம், பழுப்புத் தண்ணீர், மரக்கிளைகள், உதிர்ந்த இலைகள். செடித் தொட்டி என்பது நம் ஆசை. மீன் கேட்டது இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

பால் கொடுக்கும் மீன்

டிஸ்கஸுக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்கு நிறம் மட்டும் காரணம் இல்லை. இது குஞ்சுக்கு 'பால்' கொடுக்கும் மீன்.

ஜோடி சேர்ந்த டிஸ்கஸ் ஒரு செங்குத்தான இடத்தைத் தேர்ந்தெடுத்து, வாயால் சுத்தம் செய்து, முட்டைகளை வரிசையாக ஒட்டும். வளர்ப்பவர்கள் அதற்கென்றே கூம்பு வடிவில் மண்சட்டி வைப்பார்கள். அப்பா, அம்மா இரண்டுமே மாறி மாறிக் காவல் இருந்து, துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். இரண்டரை, மூன்று நாளில் முட்டை பொரியும். அடுத்த இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். நீந்தியதும் அவை போகும் முதல் இடம் பெற்றோரின் உடம்பு. அந்த நேரத்தில் பெற்றோரின் தோலில் வழவழப்பான ஒரு படலம் தடிமனாகச் சுரந்திருக்கும். குஞ்சுகள் அதைக் கொத்திக் கொத்தித் தின்றுதான் வளரும். ஒருவர் களைத்துப்போனால் உடம்பை ஓர் உதறு. குஞ்சுக் கூட்டம் மொத்தமும் இன்னொருவர் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். "இப்ப உங்க முறை!"

இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை நுணுக்கமாக ஆராய்ந்து 2010-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். முட்டையிட்டதும் அந்தப் படலத்தில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருள்களும் கூடுகின்றன. முதல் இரண்டு வாரம் பெற்றோர் சலிக்காமல் ஊட்டுகின்றன. மூன்றாவது வாரத்திலிருந்து குஞ்சுகள் வந்தால் மெதுவாக விலகி நீந்த ஆரம்பிக்கின்றன. தாய்ப்பாலை மறக்கடிப்பது போலவேதான். படலத்தின் சத்தும் அப்போது குறையத் தொடங்குகிறது. பாலூட்டிகளில் நடப்பதற்கும் இதற்கும் இவ்வளவு ஒற்றுமையா என்று ஆய்வாளர்களே வியந்தார்கள். நம்மூர் உப்பங்கழிகளில் வாழும், கரிமீனுக்குச் சின்னத் தம்பியான ஆரஞ்சு குரோமைடு மீனின் குஞ்சுகளும் பெற்றோர் உடம்பைக் கொத்தித் தின்னும். ஆனால், டிஸ்கஸ் குஞ்சுகள் அதையே நம்பிப் பிறக்கின்றன. பெற்றோரைப் பிரித்துவிட்டுக் குஞ்சு வளர்ப்பது பெரும் வித்தை.

இந்த வித்தையிலும் நிறங்களைப் பிரித்தெடுப்பதிலும் பெயர் வாங்கியவர்கள் உண்டு. ஜெர்மனியில் எட்வர்ட் ஷ்மிட்-ஃபோக்கே என்ற மருத்துவர். அமெரிக்காவில் ஜாக் வாட்லி. பிறகு ஆசியா களத்தில் இறங்கியது. 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்திலிருந்து 'பிஜியன் பிளட்' என்ற ரகம் வந்து சந்தையையே புரட்டிப்போட்டது. ஆரஞ்சு உடம்பு, கறுப்புப் பட்டையே தெரியாது. இன்று கடையில் பார்க்கும் பளிச் நிறங்கள் பலவற்றில் அந்த ரத்தம் ஓடுகிறது. ஆனால், அதற்கு ஒரு விலையும் உண்டு. சாதாரண டிஸ்கஸ் குஞ்சு வளர்க்கும்போது உடம்பு கறுக்கும். அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான் குஞ்சுகள் வந்து ஒட்டும். பிஜியன் பிளட்டால் அப்படிக் கறுக்க முடியாது. அதனால் அதன் குஞ்சுகள் வழி தெரியாமல் திண்டாடுவது உண்டு.

கறுப்புப் பட்டைக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. அது மீனின் முகபாவம். பயம், உடல்நலக் குறைவு, தண்ணீரில் கோளாறு என்றால் பட்டைகள் அழுத்தமாகத் தெரியும். சந்தோஷமாக இருந்தால் மங்கும். பட்டை இல்லாத ரகம் வாங்குபவர், மீன் பேசும் ஒரே மொழியை இழந்துவிடுகிறார் என்றுகூடச் சொல்லலாம். முதல் முறை வளர்ப்பவர்களுக்குப் பட்டை உள்ள ரகமே நல்லது.

செடிக்கு 25, மீனுக்கு 29

சரி, சண்டைக்கு வருவோம். செடியும் டிஸ்கஸும் ஏன் ஒத்துப்போகாது என்கிறார்கள்?

முதல் காரணம், சூடு. டிஸ்கஸுக்குத் தண்ணீர் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வேண்டும். குறைந்தால் சாப்பாடு குறையும், நோய் ஒட்டும். தொட்டிச் செடிகளில் பெரும்பாலானவை 22 முதல் 26 டிகிரியில்தான் செழிக்கும். 30 டிகிரியில் மெல்லிய தண்டுச் செடிகள் நீண்டு, வெளுத்து, அடியிலிருந்து அழுகும். புல்வெளி போலப் பரவும் குட்டைச் செடிகளும், படத்தில் ஜொலிக்கும் சிவப்புச் செடிகளும் முதலில் போய்ச் சேரும்.

இரண்டாவது, வெளிச்சம். ஜப்பானின் தகாஷி அமானோ பிரபலமாக்கிய இயற்கைத் தோட்டத் தொட்டிகளுக்குப் பட்டப்பகல் போல விளக்கு வேண்டும். டிஸ்கஸோ நிழலில் வளர்ந்த மீன். விளக்கு அதிகமானால் ஒளியும்.

மூன்றாவது, காற்று. செடிக்குக் கார்பன் டை ஆக்ஸைடு செலுத்துவது வழக்கம். ஆனால், தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் 7.5தான். இரவில் செடிகளும் ஆக்ஸிஜனை உறிஞ்சும். ஏற்கெனவே மூச்சுக்கு ஏங்கும் தொட்டியில் கார்பன் டை ஆக்ஸைடையும் திறந்துவிட்டால், காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து நிற்கும்.

நான்காவது, சாப்பாடு. டிஸ்கஸ் குஞ்சுகளுக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு வேளை தீனி. மாட்டு இதயத்தை அரைத்து உறைய வைத்த தீனி, பிளட் வார்ம் என்று எல்லாமே தண்ணீரைக் கெடுப்பவை. வெறும் தொட்டி என்றால் ஒரு டியூபைப் போட்டு அடியிலிருக்கும் கழிவை ஐந்து நிமிடத்தில் உறிஞ்சிவிடலாம். செடித் தொட்டியில் அது வேருக்குள் போய் அழுகும்.

இந்த நான்காவது காரணத்தில்தான் தீர்வும் இருக்கிறது. குஞ்சை ஒருபோதும் செடித் தொட்டியில் வளர்க்கக் கூடாது. வெறும் தொட்டியில் தினமும் பாதித் தண்ணீர் மாற்றி, நன்றாகச் சாப்பிடவைத்து, ஐந்து அங்குலம் வந்த பிறகே செடிக்குள் விட வேண்டும். வளர்ந்த மீனுக்கு ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு வேளை போதும். கழிவும் பாதியாகக் குறையும். பொறுமை இல்லாதவர்கள் வளர்ந்த மீனாகவே வாங்கிவிடலாம். செலவு கூடும், சாவு குறையும்.

செடியையும் மீனுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். 29 டிகிரியிலும் அசராத செடிகள் நிறையவே இருக்கின்றன. அமேசான் ஸ்வார்டு, பெயருக்கேற்ப வாள் போன்ற அகன்ற இலை. மீன் ஒளிய நல்ல இடம். ஆப்பிரிக்காவின் அனுபியாஸ், மணலே வேண்டாம், மரக்கட்டையில் நூலால் கட்டிவிட்டால் பற்றிக்கொள்ளும். ஜாவா ஃபெர்னும் அப்படியே. பின்பக்கம் ரிப்பன் போல உயர வலிஸ்நேரியா. முன்பக்கத்துக்கு கிரிப்டோகோரைன் வென்டியை. இந்த வென்டியை இலங்கையின் ஓடைகளில் மட்டும் இயற்கையாக வளரும் செடி. இன்று உலகத்துச் செடித் தொட்டிகளில் அது இல்லாத இடம் குறைவு. இடம் மாற்றி நட்டால் இலை முழுவதும் கரைந்துபோகும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் வேரிலிருந்து புதிதாகத் துளிர்க்கும்.

இந்தச் செடிகளுக்கு கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டரே தேவையில்லை. விளக்கு ஏழெட்டு மணி நேரம் எரிந்தால் போதும். வேருக்கு அருகே உர வில்லை ஒன்றைப் புதைத்தால் ஸ்வார்டு கொழுக்கும். மீதி உரம் மீனே போடும். மீன் கழிவில் வரும் அமோனியாவைச் செடிகள் உறிஞ்சிக்கொள்வது தொட்டிக்குக் கிடைக்கும் போனஸ்.

போர் தண்ணீரா, மெட்ரோவா?

டிஸ்கஸ் வளர்ப்பு என்பது மீன் வளர்ப்பே இல்லை, தண்ணீர் வளர்ப்பு என்பார்கள் அனுபவசாலிகள். மிகைதான். ஆனால் உண்மைக்கு ரொம்பப் பக்கம்.

ஆறு டிஸ்கஸ் வளர்க்க, நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி வேண்டும். மணல், மரக்கட்டை போக 310 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் 400 கிலோவைத் தாண்டும். பழைய வீட்டு மாடியில் வைப்பவர்கள் சுவரோரமாக வைப்பது நல்லது. அதில் மூன்றில் ஒரு பங்கை வாரம் இருமுறை மாற்ற வேண்டும். கணக்குப் போட்டால், ஒவ்வொரு முறையும் ஏழு குடம்.

வாரத்துக்கு பதினான்கு குடம்! 2019 கோடையில் சென்னையில் ஏரிகள் வறண்டு, தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு வரிசை நின்ற குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு எப்படித் தோன்றும் என்று சொல்ல வேண்டியதில்லை. டிஸ்கஸ் ஆசை உள்ளவர்கள் மீன் விலையை விசாரிக்கும் முன் வீட்டின் தண்ணீர் நிலவரத்தை, குறிப்பாக வீட்டில் தண்ணீர் பிடித்து வைப்பவரிடம், விசாரித்துவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது. தொட்டியிலிருந்து எடுக்கும் தண்ணீரில் நைட்ரேட் சத்து உண்டு. மாடித் தோட்டத்துக்கும் கறிவேப்பிலைச் செடிக்கும் ஊற்றினால் வீணாகாது.

சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீர் கடினமானது. உப்பும் சுண்ணாம்பும் அதிகம். பண்ணையில் பிறந்த டிஸ்கஸ், காட்டு டிஸ்கஸ் மாதிரி அவ்வளவு கறார் இல்லை. பி.ஹெச் 7, 7.5 வரையிலும் பழகிக்கொள்ளும். ஆனால், மிகக் கடினமான தண்ணீரில் முட்டை பொரிவது கஷ்டம். இதற்காக ஆர்.ஓ. தண்ணீரை மட்டுமே ஊற்றுவதும் தவறு. அதில் தாது உப்புகளே இருக்காது. பி.ஹெச் திடீரென்று சரியும். ஆர்.ஓ. தண்ணீரில் கொஞ்சம் போர் தண்ணீரைக் கலப்பதே நடைமுறை. எவ்வளவு என்பது தெருவுக்குத் தெரு மாறும், ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கினால் தெரிந்துவிடும். எந்த விகிதமானாலும் வாராவாரம் அதே விகிதம். 'சரியான' தண்ணீரைத் தேடி தினம் ஒரு மருந்து ஊற்றுவதைவிட, மாறாத தண்ணீர் மேல். மெட்ரோ தண்ணீர் என்றால் அதிலுள்ள குளோரின் மீனின் செவுளைப் பொசுக்கும். ஒரு டிரம்மில் பிடித்து, ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்திருந்து ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு ஆன்டி-குளோரின் சொட்டு இருக்கிறது.

நம் தெருக்களில் நிற்கும் பாதாம் மரத்தின் காய்ந்த இலைகள் டிஸ்கஸுக்கு அருமருந்து. மருந்தடிக்காத மரத்தின் கீழே உதிர்ந்த பழுப்பு இலைகளைக் கழுவி, இரண்டு மூன்று போட்டால் தண்ணீர் மெல்ல டீ நிறமாகும். ரியோ நீக்ரோ வீட்டுக்கே வந்த மாதிரி. மீன்களின் படபடப்பு குறையும். தண்ணீர் அழுக்காகிவிட்டது என்று வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்வார்கள்தான்.

சூடு விஷயத்தில் சென்னைக்கு ஒரு வசதி. வருடத்தில் பாதி நாள் ஹீட்டர் இல்லாமலே 28 டிகிரி கிடைக்கும். மார்கழியில்தான் கவனம் வேண்டும். விடியற்காலையில் தண்ணீர் 25-க்கு இறங்கும். ஹீட்டர் வைக்கும்போது பெரிதாக ஒன்று வைப்பதைவிட சிறிதாக இரண்டு வைக்க வேண்டும். ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் தொட்டி சூப் ஆகாது. ஒன்று பழுதானாலும் இன்னொன்று தாங்கும். மே மாதத்தில் பிரச்னை தலைகீழ். தண்ணீர் 32, 33 என்று ஏறும். மூடியைத் திறந்து, மேலே ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு டிகிரி குறையும். கரண்ட் போனால் ஃபில்டரும் நிற்கும், காற்றும் நிற்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று அலமாரியில் இருக்கட்டும். அதன் விலை ஒரு டிஸ்கஸின் விலையில் சிறு பங்குதான்.

முதலில் செடி, பிறகு மீன்

தொட்டி வைத்த அன்றே மீன் விடுவதுதான் அதிகம் பேர் மீனைக் கொல்லும் வழி. புதுத் தொட்டியில் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா இருக்காது. மீன் கழிவின் அமோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாகும் சுழற்சி உருவாக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். டிஸ்கஸ் தொட்டியில் ஆபத்து அதிகம். தண்ணீர் சூடாக ஆக, பி.ஹெச் ஏற ஏற, அமோனியாவின் விஷம் கூடும். பி.ஹெச் ஒரு புள்ளி ஏறினால் விஷமுள்ள அமோனியாவின் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகும்.

எனவே முதல் இரண்டு மாதம் செடி மட்டும். அது வேர் பிடித்து, பாசி வந்து போய், தொட்டி ஒரு நிலைக்கு வரட்டும். அடுத்து, கார்டினல் டெட்ரா ஒரு கூட்டம். அதே ரியோ நீக்ரோ ஊர்க்காரர், சூட்டைத் தாங்குவார். அடியில் மேய ஸ்டெர்பாய் கோரிடோரஸ். கடைசியில்தான் ராஜா.

ராஜா தனியாக வரக் கூடாது. இரண்டு, மூன்று என்று வாங்கினால் பெரியது சிறியதைத் துரத்தித் துரத்திச் சாப்பிடவிடாது. ஆறு இருந்தால் அடி பகிர்ந்துபோகும். ஆறையும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே அளவில் வாங்குவது உத்தமம். வெவ்வேறு கடை மீன்களைக் கலந்தால் ஒன்றுக்குப் பழகிய கிருமி இன்னொன்றைச் சாய்க்கும்.

கடையில் பார்க்க வேண்டியது நிறம் இல்லை. கண். உடம்புக்குப் பொருத்தமில்லாமல் கண் பெரிதாக இருந்தால் அந்த மீன் வளர்ச்சி குன்றியது. உடம்பு வளராமல் நின்றாலும் கண் வளர்ந்துகொண்டே போகும். அடுத்து, உருவம் வட்டமாக இருக்க வேண்டும். நெற்றி கத்தி போலக் கூர்மையாக ஒட்டிப்போயிருந்தால் வேண்டாம். ஒரு செவுளை மட்டும் அசைத்து வேகமாக மூச்சு விட்டால் செவுளில் புழு இருக்கலாம். வெள்ளை நூல் போலக் கழிவு தொங்கினால் குடலில் தொற்று. கடைக்காரரிடம் "கொஞ்சம் தீனி போடுங்க" என்று கேட்க வேண்டும். ஓடி வந்து சாப்பிடும் மீனை வாங்கலாம். கூச்சமாகத்தான் இருக்கும். ஆயிரக்கணக்கில் கொடுக்கப் போகும்போது கூச்சம் எதற்கு?

வீட்டுக்கு வந்ததும் நேராகச் செடித் தொட்டியில் விடாமல், நாலு வாரமாவது தனி வெறும் தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். மருந்து கொடுக்க நேர்ந்தால் அங்கேதான் முடியும். செடித் தொட்டியில் மருந்து ஊற்றினால் செடியும் பாக்டீரியாவும் சேர்ந்து அடிவாங்கும்.

நோய்களில் பயப்பட வேண்டியது இரண்டு. ஒன்று, குடலில் வரும் ஒட்டுண்ணித் தொற்று. மீன் கறுத்து, சாப்பாட்டை வாயில் வாங்கித் துப்பி, வெள்ளையாகக் கழியும். சீக்கிரம் கவனித்தால் மெட்ரோனிடசோல் கலந்த தீனியில் தேறிவிடும். தேறாமல் இழுத்தால் தலையில் சின்னச் சின்னக் குழி விழும். இன்னொன்று செவுள் புழு. எதுவானாலும் முதலில் தண்ணீரைப் பரிசோதித்து, பாதித் தண்ணீரை மாற்றிவிட்டுத்தான் மருந்து டப்பாவைத் திறக்க வேண்டும். பல நேரம் டப்பாவைத் திறக்கவே தேவைப்படாது.

தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று கடையில் தலையில் கட்டும் 'டேங்க் கிளீனர்' மீன் டிஸ்கஸ் தொட்டிக்கு ஆகவே ஆகாது. இரவில் டிஸ்கஸ் அசையாமல் தூங்கும்போது அதன் உடம்பில் ஒட்டிக்கொண்டு வழவழப்பை உறிஞ்சும். காலையில் வட்ட வட்டமாகப் புண். அதோடு, அது ஒன்றரை அடிவரை வளரும். வளர்ந்ததும் பாவம் பார்த்து ஏரியில் கொண்டுபோய் விட்டவர்களால், இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் அது பெருகி மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வளர்க்க முடியாத எந்த மீனையும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம், தெரிந்தவர்களுக்குக் கொடுக்கலாம். ஏரியில் விடவே கூடாது.

இவ்வளவும் சரியாக அமைந்தால் டிஸ்கஸ் பத்து வருடம் வரை இருக்கும். வந்த முதல் வாரம் ஸ்வார்டு இலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். யாராவது வேகமாக நடந்தால், கதவைச் சாத்தினால், ஒரே பாய்ச்சல். இரண்டாவது மாதம் வீட்டில் யார் தீனி போடுகிறார்களோ அவரை மட்டும் தெரிந்துகொள்ளும். பிறகு கையிலிருந்தே வாங்கித் தின்னும்.

இன்னும் ஒன்றே ஒன்று. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது என்ன செய்வது? வளர்ந்த, நலமாக இருக்கும் டிஸ்கஸ் நாலைந்து நாள் சாப்பிடாமல் தாராளமாகத் தாங்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் தண்ணீர் மாற்றி, விளக்குக்கு ஒரு டைமர் போட்டால் போதும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்துப் போவதாக இருந்தால், கரண்ட் இருக்கிறதா, ஃபில்டர் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லலாம். தீனி டப்பாவை மட்டும் மறக்காமல் ஒளித்து வைத்துவிடுங்கள். பாசத்தில் அவர் அள்ளிப் போடும் ஒரு பிடி தீனி போதும், மூன்றே நாளில் தண்ணீர் நாறிவிடும்.